பிம்பன் எங்கே போனான்?

கீழே உள்ள பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

“பிம்பன் விடிகாலையில் தவிரிக்குப் போனான். அங்கே மூன்று குளுவாரிகளைக் கொண்டு கிமிளத்தைத் துமிரினான். துமிரிய கிமிளம் நன்றாக மொளத்ததால் ஊரார் அவனுக்கு நொச்சாரம் அளித்தனர்.”

இப்போது கேள்விகள். பிம்பன் எங்கே போனான்? தவிரிக்கு. அங்கே எதைத் துமிரினான்? கிமிளத்தை. எத்தனை குளுவாரிகள்? மூன்று. ஊரார் ஏன் அவனுக்கு நொச்சாரம் அளித்தனர்? கிமிளம் நன்றாக மொளத்ததால்.

நான்குக்கு நான்கு. வாழ்த்துகள். பிம்பன் யார், தவிரி என்பது ஊரா கடையா, நொச்சாரம் பரிசா அபராதமா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தச் சொற்களை இந்தக் கட்டுரைக்காக நான்தான் இட்டுக்கட்டினேன். ஆனாலும் முழு மதிப்பெண் வந்துவிட்டது. ‘ஏன்’ என்ற கேள்விக்குக்கூட! ‘கு’, ‘ஐ’, ‘ஆல்’ என்று வேற்றுமை உருபுகள் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை தமிழில் இந்த வித்தை எப்போதும் பலிக்கும். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு. கிடைத்ததும் அந்த வரியைப் பெயர்த்து எழுது. அவ்வளவுதான்.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளிலும் நம் பிள்ளைகளில் பலர் ‘வாசித்துப் புரிந்துகொள்வது’ என்ற பெயரில் பழகுவது இந்த வித்தையைத்தான். அதற்கும் சிரமப்படத் தேவையில்லாத வகுப்புகள் உண்டு. பாடம் முடிந்ததும் பென்சிலை எடுக்கச் சொல்வார்கள். “புக் பேக்ல மூணாவது கேள்விக்கு, ரெண்டாவது பத்தியில ‘ஆகவே’ல இருந்து ஆரம்பிச்சு, கடைசி வரி முடியற வரைக்கும் பிராக்கெட் போட்டுக்குங்க.” நாற்பது பென்சில்கள் ஒரே நேரத்தில் பிராக்கெட் போடும். நானும் அப்படிப் போட்டு வளர்ந்தவன். அந்தப் பிராக்கெட்டுக்குள் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். பிராக்கெட்டுக்கு வெளியே என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒருமுறை, வெளியாள் ஒருவர் கேள்வித்தாளுடன் வந்தார். ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு நடத்தும் ‘பீசா’ தேர்வு, பதினைந்து வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை நாடு நாடாக அளக்கிறது. அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் பங்கேற்றன. ஒன்று இமாச்சலப் பிரதேசம், இன்னொன்று தமிழ்நாடு. கல்வியில் முன்னணி என்று பெயரெடுத்த மாநிலங்கள் என்பதால்தான் இந்த இரண்டும் போயின. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டும் அடிமட்டத்தில் கிடந்தன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. ஓஇசிடி நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டியது. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய அடிப்படை வாசிப்புத் திறனை எட்டியவர்கள் தமிழ்நாட்டில் 17 விழுக்காடு. ஓஇசிடி நாடுகளில் அது 81.

கேள்விகள் நம் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தடுத்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பீசா பொதுவெளியில் விட்டிருக்கும் பழைய வினாக்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரி பற்றிய சிறு குறிப்பு, பக்கத்தில் அதன் நீர்மட்டம் காலந்தோறும் ஏறி இறங்கியதைக் காட்டும் வரைபடம். முதல் கேள்வி, இன்று ஏரியின் ஆழம் எவ்வளவு? வரைபடத்தின் கடைசிப் புள்ளியைப் பார்த்தால் போதும். சுமார் இரண்டு மீட்டர். இன்னொரு கேள்வி, இந்த வரைபடத்தை ஆசிரியர் ஏன் கி.மு. 11,000 வாக்கில் தொடங்கினார்? இதற்கான விடை வரைபடத்தில் இல்லை. ஏரி கி.மு. 20,000 வாக்கில் முற்றிலும் வற்றிப்போய், கி.மு. 11,000 வாக்கில் மறுபடியும் தோன்றியது என்று குறிப்பில் வருகிறது. அதை எடுத்து, ‘ஓ, அதற்கு முன்னால் ஏரியே இல்லை, அளக்க என்ன இருக்கிறது’ என்று பிள்ளை தானாக முடிச்சுப் போட வேண்டும்.

இதில் பண்பாடு எங்கே இடிக்கிறது? கண்மாய் வற்றுவதையும் நிரம்புவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஏரி அந்நியமா? இடித்தது பண்பாடு என்று நான் நினைக்கவில்லை. விடை பிராக்கெட்டுக்குள் இல்லை. அதுதான் இடித்தது.

எழுத்து வேறு, பொருள் வேறு

ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய் எடுக்கப்படும் ‘அசர்’ ஆய்வு, எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இரண்டாம் வகுப்புத் தரத்திலுள்ள ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 2018இல் அதை வாசித்த எட்டாம் வகுப்பினர் ஏறத்தாழ 73 விழுக்காடு. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 70-ஐ ஒட்டி இறங்கியது. கவனியுங்கள், இது வாய்விட்டு வாசிப்பது மட்டும்தான். கதையில் என்ன நடந்தது என்ற கணக்கு இதில் சேராது.

தமிழ்நாட்டில் எழுத்துப் பக்கம் வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, பிறகு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அதற்கும் முன்பே 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்களைத் தெருத் திண்ணைகளுக்கு அழைத்து வந்தது. 2025-26இல் 6 முதல் 9ஆம் வகுப்புவரை அடிப்படையில் பின்தங்கியவர்களுக்காகத் ‘திறன்’ வந்தது. எல்லாம் தேவையானவை. எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளையிடம் பொருள் கேட்பது கொடுமை.

ஆனால் எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டால் பொருள் தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் நாம் வழுக்கும் இடம். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு எளிய கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கூட்டல் கணக்கு என்றால் ஒன்றில் குறைந்ததை மற்றதில் ஈடுகட்டலாம். இது பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். பிம்பன் கதையை நீங்கள் சரளமாக வாசித்தீர்கள், நினைவிருக்கிறதா?

ஐந்தாம் வகுப்புவரை இந்தப் பூஜ்யம் வெளியே தெரியாது. நரி, காக்கா, வடை எல்லாம் பிள்ளை ஏற்கெனவே கேட்டறிந்த கதைகள். ஆறாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் கனக்கத் தொடங்குகின்றன. இடப்பெயர்ச்சி, திசைவேகம் என்று வீட்டிலோ தெருவிலோ யாரும் பேசாத சொற்கள். அதைவிடப் பெரிய முள் வாக்கியத்துக்குள் இருக்கிறது. பாடநூல் நடையில் நானே எழுதிய ஒரு வாக்கியம் இது: “வெப்பநிலை உயரும்போது நீர் ஆவியாகும் வேகம் கூடுவதையும், காற்றில் ஈரப்பதம் மிகும்போது அது குறைவதையும் நாம் அன்றாடம் காண்கிறோம்.”

இதில் ‘அது’ எது? உங்கள் வீட்டு ஏழாம் வகுப்பிடம் கேட்டுப் பாருங்கள். ‘காற்று’ என்றோ ‘ஈரப்பதம்’ என்றோ பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ‘அது’வுக்கு மிக அருகில் கிடக்கும் பெயரைப் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. ஆவியாகும் வேகம் என்று பின்னோக்கிப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று அதற்கு யாரும் காட்டித் தரவில்லை. மழைக்காலத்தில் துணி ஏன் காய்வதில்லை என்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதே விஷயம்தான் இந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

தமிழ் வாக்கியம் வினையைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறது. போய், பார்த்து, கேட்டு, வந்து என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய், யார் என்ன செய்தார் என்பதைக் கோட்டைத் தாண்டும்போதுதான் சொல்கிறது. எழுவாயைப் பல இடங்களில் சொல்வதே இல்லை. ‘எனினும்’, ‘மாறாக’, ‘ஆகையால்’ போன்ற சொற்கள் வண்டியைத் திருப்பும் கைகாட்டிகள். பிள்ளைகள் அவற்றை வெறும் இட்டுநிரப்பிகள் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். போதாததற்கு, வீட்டில் ‘போயிட்டாங்க’, புத்தகத்தில் ‘சென்றனர்’. வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராட்டிரமோ பேசும் பிள்ளைக்கு இந்த இடைவெளி இன்னும் ஒரு முழம் அதிகம்.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று இலக்கணத்தில் நடத்துகிறோமே, அது எதற்கு என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? நீண்ட வாக்கியம் புரியாதபோது முதலில் வினைமுற்றைப் பிடி, பிறகு ‘யார்?’ என்று கேட்டு எழுவாயைப் பிடி, மிச்சம் தானாக விழும். இலக்கணம் இந்த வேலைக்கான கருவி. நாமோ பாடநூலில் அதற்குக் ‘கற்கண்டு’ என்று பெயர் வைத்து, ஒரு மார்க் கேள்விக்காக மட்டும் ஊட்டுகிறோம்.

ஆட்டம் தெரிந்தவனுக்கு வரி புரியும்

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியைப் படிக்கக் கொடுத்து, படித்ததை ஒரு மாதிரி மைதானத்தில் மரப்பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். மாணவர்களில் வாசிப்பில் கெட்டியானவர்களும் இருந்தார்கள், மந்தமானவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று பிரிவு உண்டு. வாசிப்பில் மந்தம் என்று முத்திரை குத்தப்பட்டு, ஆனால் ஆட்டம் தெரிந்திருந்தவர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாகச் சொன்னார்கள்.

இங்கே கபடியை வைத்துப் பாருங்கள். ‘போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பும்போது மூலையில் நின்றவர் கணுக்காலைப் பிடித்தார்’ என்ற வரி, மாலையில் மைதானத்தில் கிடக்கும் கடைசி பெஞ்சு மாணவனுக்குப் படமாக ஓடும். வகுப்பில் முதல் மார்க் வாங்கும், ஆனால் ஆட்டம் பார்த்திராத பிள்ளைக்கு அது வெறும் சொல். ஆகவே ‘புரிதல் திறன்’ என்று தனியாக ஒரு தசை இருப்பதாகவும், பயிற்சித்தாள் கொடுத்துக் கொடுத்து அதை வளர்த்துவிடலாம் என்றும் நினைக்கும் டியூஷன் மையங்களின் நம்பிக்கை எனக்குக் கிடையாது. பாதிப் புரிதல் பிள்ளை ஏற்கெனவே அறிந்திருப்பதில் இருக்கிறது. விளையாட்டு, சமையல், வயல், பயணம், தாத்தாவின் கதை, நூலகத்தில் கிடைத்த விண்வெளிப் புத்தகம் எல்லாம் அதற்குள் அடக்கம். நூலகப் பீரியடை எடுத்துக்கொண்டு கணக்குப் பாடம் நடத்தும் பள்ளி, கணக்கில் வரும் வாக்கியக் கணக்கையே பிள்ளைக்குப் புரியாமல் ஆக்குகிறது.

மீதிப் பாதியைக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிறோமா? இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 1970களின் பிற்பகுதியில் டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நான்காம் வகுப்புகளில் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாட நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். மொத்தம் 4,469 நிமிடங்கள். அதில் எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது வெறும் 20 நிமிடம். மற்றபடி கேள்வி கேட்டார்கள், விடையைத் திருத்தினார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். தண்ணீரில் தள்ளிவிட்டு ‘நீந்தினாயா, மூழ்கினாயா’ என்று மார்க் போட்டதற்குச் சமம்.

இந்தக் குறைக்குச் சொல்லப்பட்ட மருந்துகளில் எனக்கு அதிகம் பிடித்தது ஒன்று. 1984இல் பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்தது ஏழாம் வகுப்பு மாணவர்களை. எழுத்தைச் சரளமாக வாசிப்பார்கள், பொருள் மட்டும் பிடிபடாது. ஒரு பத்தியைப் படித்ததும் நான்கு வேலை: படித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். மெல்ல மெல்லப் பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியர் நாற்காலியில் உட்காருவார்கள். ஏறத்தாழ இருபது நாள் நடந்தது. பிள்ளைகளின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது, பிறகு மற்றப் பாட வகுப்புகளிலும் அது தெரிந்தது.

நம் ஊரில் இது எப்படி இருக்கும்? ஏழாம் வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இந்தப் பத்தி: “ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதிவரை பின்னிவிட்டு நிறுத்தும். பெண் குருவி வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். கிணற்றின் மேல் சாய்ந்த ஒரே மரத்தில் பாதிக் கூடுகள் பல தொங்குவதைக் காணலாம்.”

பழைய முறையில் கேள்வி இப்படி இருக்கும்: கூட்டைப் பாதிவரை பின்னுவது எது? விடை முதல் வரியில் காத்திருக்கிறது. புதிய முறையில் ஆசிரியர் தன் குழப்பத்தையே உரக்கச் சொல்வார். “எனக்கு இங்க ஒரு சந்தேகம் வருதுப்பா. இத்தனை பாதிக்கூடு எதுக்குத் தொங்குது? குருவிக்குச் சோம்பேறித்தனமா?” கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “மிஸ், அந்தக் கூடெல்லாம் பொண்ணுக்குப் பிடிக்கல போல.” வகுப்பு சிரிக்கும். “எந்த வரியை வெச்சுடா சொல்ற?” என்று ஆசிரியர் கேட்பார். அவன் மூன்றாவது வரியைக் காட்டுவான். அடுத்த கேள்வியை ஒரு மாணவியே கேட்பாள், “கிணத்து மேல ஏன் மிஸ் கட்டுது?” பத்தியில் விடை இல்லை. பாம்பு, அணில், பையன்கள் என்று வகுப்பு தன் அனுபவத்திலிருந்து அள்ளிக் கொட்டும். எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வெளிநாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றலுக்கு ஒரு கணக்குப் போடுகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனிடம் சேர்வது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகி ஆராய்வதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிறையும். அதே நன்னூல், செய்யுளில் சொற்களை எப்படி மாற்றிக் கூட்டிப் பொருள் காண்பது என்பதற்குப் பொருள்கோள் எட்டு என்று வகுத்துவைத்திருக்கிறது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ‘வாசித்தால் மட்டும் பொருள் வராது, பொருள் கொள்ள வேண்டும்’ என்று பெயரிலேயே சொன்ன மரபு இது. ‘பொருள்கோள்’ என்ற சொல்லைவிட நல்ல கலைச்சொல் இந்தத் துறைக்கு எந்த மொழியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மனவரைபடத்துக்கு நேர்ந்தது

முறை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2000களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ‘படைப்பாற்றல் கல்வி’ வந்தது. பாடத்தைப் பிள்ளைகளே படிக்க வேண்டும், மனவரைபடம் வரைய வேண்டும், தொகுத்து வழங்க வேண்டும். இன்றும் பாடக்குறிப்பில் அந்தப் படிநிலைகள் வரிசையாக இருக்கும். நோக்கத்தில் பழுதே இல்லை. நடைமுறையில் பல இடங்களில் மனவரைபடம் பார்வையாளர் வரும் நாளுக்கான சார்ட் அலங்காரமாகிப் போனது. நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் எட்டு அம்பு, ஸ்கெட்ச் பேனாவில் எட்டுச் சொற்கள். அந்த எட்டுச் சொற்களும் பாடத்திலிருந்து பிடுங்கி ஒட்டியவை. பிம்பன் கதைக்குக்கூட அழகான மனவரைபடம் வரைந்துவிடலாம்.

ஆசிரியரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? ‘எமிஸ்’ தளத்தில் தகவல் பதிவேற்றம், தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, பயிற்சி, இவற்றுக்கு நடுவே பாடத்தை முடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் குருவிக் கூட்டைப் பற்றிப் பேசவிட்டால், போர்ஷன் முடியாது என்ற பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது.

படிக்கப் புத்தகம் இல்லை என்ற சாக்கு மட்டும் இன்று செல்லாது. ‘வாசிப்பு இயக்கம்’ 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அந்தப் பெயர்களை வைத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றுகிறது. ‘தேன்சிட்டு’ என்ற இதழை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கியது. இவை பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, பெஞ்சு மேல் கிடக்கின்றனவா என்பதுதான் அந்தந்தப் பள்ளியின் கதை. கிழிந்துவிடும் என்று பூட்டிவைக்கிறார்கள். கிழியட்டுமே! கிழிந்த புத்தகம் யாரோ படித்த புத்தகம்.

பெற்றோருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘படிச்சியா?’ என்று கேட்காதீர்கள். ‘படிச்சேன்’ என்றுதான் பதில் வரும். ‘அந்தப் பாடத்துல உனக்கு எது நம்ப முடியல?’ என்று கேளுங்கள். உங்களுக்கே வாசிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். மின்கட்டணச் செய்தியையோ மருந்துச் சீட்டையோ பிள்ளை கையில் கொடுத்து, ‘இதுல என்ன போட்டிருக்கு, நான் இப்ப என்ன செய்யணும்?’ என்று கேளுங்கள். வாசிப்பு வீட்டுக்கு உதவும் வேலை என்று அன்றைக்குத்தான் அதற்குத் தெரியும்.

பெரிய சாவி கேள்வித்தாளில் இருக்கிறது. பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பாடநூல் தீர்மானிப்பதில்லை, தேர்வு தீர்மானிக்கிறது. 2018இல் தொடங்கிப் படிப்படியாக வந்த பாடநூல்களில் ‘சிந்தனை வினா’ என்று ஒரு பகுதி தமிழ்ப் பாடங்களின் முடிவில் இருக்கிறது. பத்தியில் விடை இல்லாத, பிள்ளை யோசிக்க வேண்டிய கேள்வி. அருமையான இடம். அதற்கும் கைடில் ரெடிமேட் விடை அச்சாகிவிட்டது. பிள்ளைகள் தங்கள் ‘சொந்தச் சிந்தனை’யை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இதைவிடக் கசப்பான நகைச்சுவையை நான் கேட்டதில்லை.

ஆகவே, வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த யூனிட் டெஸ்ட்டில், பிள்ளைகள் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுங்கள். நாளிதழிலிருந்து எடுங்கள், நீங்களே எழுதுங்கள். அதில் ஒரே ஒரு கேள்வியாவது பத்தியில் நேரடி விடை இல்லாததாக இருக்கட்டும். ‘எந்த வரியை வைத்து இப்படிச் சொல்கிறாய்?’ என்று கூடவே கேளுங்கள். காரணம் பொருந்தினால், உங்கள் விடையோடு ஒத்துப்போகாவிட்டாலும் மதிப்பெண் போடுங்கள். முதல் தடவை பாதி விடைத்தாள்களில் அந்த எண்ணுக்கு எதிரே வெற்றிடம்தான் இருக்கும். தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார்கள், சராசரி இறங்கும். அதற்காக அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.